கபடியும் மண்டையடியும்: எழுந்துவிட்டால் சரியாகிவிட்டதா?

கபடி பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். பாடிப் போனவன் பிடிபட்டு, தலை தரையில் மோத விழுவான். இரண்டு விநாடி அமைதி. யாராவது ஒருவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார், இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். அவன் தலையை உதறிக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டுவான். விசில், கைதட்டல். ஆட்டம் தொடரும்.

நானும் அப்படிக் கைதட்டியவன்தான். இனிமேல் தட்டமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோவளத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோவிலும் மூன்று பைக்கிலுமாகப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் ஊருக்குக் கபடி ஆடப் போனோம். மொத்தம் எட்டுப் பேர். கேப்டன் நான். இரண்டாவது பாதியில் எங்கள் ரெய்டர் பாடிப் போனான். கார்னரில் நின்றவன் தொடையைப் பிடித்தான், கவரில் நின்றவன் பக்கவாட்டில் வந்து மோதினான். மூன்று பேரும் சேர்ந்து விழுந்ததில் நம்ம ஆளின் பின்னந்தலை தரையில் பட்டது. காய்ந்து இறுகின மண்.

அவன் தானாகவே எழுந்தான். அவுட் ஆனவன் எங்கள் பக்கம் வந்து உட்கார வேண்டும். ஆனால் அவன் நேராகப் போய் எதிரணிக்காரர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்! ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். "மச்சான், கட்சி மாறிட்டான்டா" என்று ஒருத்தன் கத்தினான். இரண்டு நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது. நான்தான் கையைக் காட்டி அவனை உள்ளே கூப்பிட்டேன். வந்தான், இரண்டு பாயிண்ட் எடுத்தான், கோப்பை எங்களுக்கு.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி என்னிடம் மூன்று முறை கேட்டான்: "மேட்ச் என்னடா ஆச்சு?" விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். விடிவதற்குள் நான்கு தடவை வாந்தி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு எதுவும் இல்லை. மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர். கன்கஷன் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதுதான். இரண்டு மாதம் அவனால் பத்து நிமிடம் தொடர்ந்து புத்தகம் படிக்க முடியவில்லை. அந்த செமஸ்டரில் மூன்று பேப்பர் அரியர். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்கல்லாம் கூடத்தானேப்பா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கோப்பை இன்னும் அவன் வீட்டு டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை ஜெயித்தது அவனுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் கீழே எழுதுகிறேன்.

தூக்குவாளியும் தயிரும்

மூளை மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தூக்குவாளியில் உறைந்த தயிர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தயிர் கலங்குவதற்கு வாளி நெளிய வேண்டிய அவசியமில்லை. வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்தினாலே போதும், அல்லது வெடுக்கென்று திருப்பினால் போதும். மூளைக்கும் இதேதான். தலையில் காயமே இல்லாமல், ஏன், தோளில் வாங்கிய மோதலில் தலை வெடுக்கென்று ஆடினால்கூட மூளை அதிர்ச்சி வரலாம். நரம்புச் செல்கள் வேலை செய்கிற விதம்தான் கெடுகிறது என்பதால் சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

"மயக்கம் போட்டால்தானே பிரச்சினை?" என்று நானும் நினைத்திருந்தேன். தவறு. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட மயக்கம் வருவதில்லை. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, நடையில் தள்ளாட்டம், காரணமில்லாமல் எரிச்சல் அல்லது அழுகை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பது, இவையெல்லாம்தான் அடையாளம். எதிரணி இடத்தில் போய் உட்கார்ந்தானே, அது அவன் எங்களுக்குக் கொடுத்த தகவல். நாங்கள்தான் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டோம்.

ஹெல்மெட் போட்டால் போதாதா?

தூக்குவாளிக்கு இன்னொரு வாளியை உறையாகப் போட்டால் வாளி நெளியாது. உள்ளே தயிர் ஆடுவது நிற்காது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும். பைக்கில் போகும்போது கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளை அதிர்ச்சியை அது தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் எல்லோரும் தலையில் கனமான ஹெல்மெட்டோடுதான் மோதுகிறார்கள். அங்கேதான் இந்தப் பிரச்சினை உலகத்துக்கே தெரிகிற அளவுக்கு வெடித்தது. குத்துச்சண்டையில் 2013ல் ஆண்கள் பிரிவுக்குத் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல்தான் ஆடினார்கள். அது சரியா தவறா என்ற சண்டை தனி. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கிற அளவுக்கு உள்ளே நடக்கும் குலுக்கலைத் தடுப்பதில்லை என்பது மட்டும் நமக்குப் போதும்.

அப்படியென்றால் கபடிக்காரன் என்ன செய்வது? கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிற பொருள் எதிலும் முழுத் தீர்வு கிடையாது. அடிபடாமல் ஆடக் கற்பதிலும், அடிபட்ட பிறகு ஆடாமல் இருப்பதிலும்தான் தீர்வு இருக்கிறது.

எழுந்து நின்றவர்கள்

ராமன் லாம்பா என்ற கிரிக்கெட் வீரரை இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. இந்தியாவுக்காக 4 டெஸ்ட், 32 ஒருநாள் போட்டிகள் ஆடியவர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டது. விழுந்தார், எழுந்தார், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தானே நடந்து வெளியே போனார். சற்று நேரத்தில் நிலைமை மோசமானது. மூன்று நாளில் இறந்துபோனார். வயது 38. அவருக்கு ஏற்பட்டது மண்டைக்குள் ரத்தக் கசிவு. சாதாரண மூளை அதிர்ச்சியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆனால் மைதானத்தில் அந்த முதல் பத்து நிமிடத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியலாம். வெளியிலிருந்து பார்த்து இது அதுவா இதுவா என்று நாம் பிரித்துச் சொல்ல முடியாது.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடும்போது 22 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்த வீடியோவை நம்மில் பலர் செல்போனில் பார்த்திருப்போம். பாடிப் போய்ப் பிடிபட்டு விழுந்தவர், எழுந்திருக்கப் பார்த்து மறுபடி சரிந்தார். அடி எங்கே பட்டது என்பதை வைத்து நான் வாதம் பண்ண வரவில்லை. அந்த எழ முயற்சிதான் என் மனதில் நின்றுவிட்டது. ஆட்டக்காரனின் உடம்பு எப்படியும் எழத்தான் பார்க்கும். அத்தனை வருடம் அதற்குத்தானே பழக்கியிருக்கிறோம்? அதனால் "எழுந்துட்டான், ஒண்ணுமில்ல" என்ற நம் முடிவுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

நம் சினிமாவும் இதற்குத் தூபம் போடுகிறது. ரத்தம் ஒழுக விழுந்த நாயகன் நாயகியின் குரல் கேட்டோ, அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தோ எழுவான், கடைசிப் பாயிண்டை எடுப்பான். தியேட்டரில் நானும் விசில் அடித்தவன்தான். படத்தில் அடுத்த நாள் காலையைக் காட்ட மாட்டார்கள்.

முடிவை யார் எடுப்பது?

என் கருத்து இதுதான்: தலையில் அடிபட்டவன் அன்றைக்கு மறுபடி ஆடக்கூடாது. அந்த முடிவு அவன் கையிலும் இருக்கக்கூடாது, அவன் கேப்டன் கையிலும் இருக்கக்கூடாது.

யோசித்துப் பாருங்கள். குழம்பியிருக்கும் மூளையிடமே "நீ குழம்பியிருக்கிறாயா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேப்டனோ நுழைவுக் கட்டணம் கட்டி, பெட்ரோல் போட்டு, பையன்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவன். அவன் கண்ணுக்குக் கோப்பை மட்டும்தான் தெரியும். நான் என்னை வைத்தே சொல்கிறேன்.

மற்ற நாடுகள் இதைத் தாண்டி வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2006ல் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பள்ளிக் கால்பந்தில் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிர் பிழைத்ததே பெரிய காரியம் ஆனது. 2009ல் வாஷிங்டன் மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே மாணவனை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவம் தெரிந்தவர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே விடக்கூடாது. சில வருடங்களில் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களும் இதுபோன்ற சட்டத்துக்கு வந்துவிட்டன.

கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலிருந்து தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் முழுமையாக ஆடலாம். ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் வந்தது அப்படித்தான். நியூசிலாந்து ரக்பியில் நடுவரிடம் ஒரு நீல அட்டை இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகித்தால் காட்டுவார், அந்த ஆட்டக்காரர் வெளியே போயாக வேண்டும். அது தண்டனை கிடையாது, பாதுகாப்பு. "இல்லை சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கபடியில் ஏற்கெனவே இருப்பது

எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், உட்காரவைப்பது என்பது நம் கபடிக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். தொட்டால் வெளியே. பிடிபட்டால் வெளியே. கோட்டை மிதித்தால் வெளியே. நம் அணி பாயிண்ட் எடுத்தால், போன வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வருவோம். வெளியே உட்கார்ந்திருப்பதை எந்தக் கபடிக்காரனும் அவமானமாக நினைப்பதில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் "தலையில் அடிபட்டவன் உட்கார், உன் பெயர் இன்றைக்கு வரிசையில் வராது" என்று ஒரு விதி சேர்ப்பது என்ன பெரிய கஷ்டம்?

என் நண்பன் அன்றைக்கு உட்கார்ந்துதானே இருந்தான்? நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் போதும்.

தரை விஷயமும் அப்படியே. மண், எரு, மரத்தூள் கலந்த மென்மையான, சமமான தரைதான் வேண்டும் என்று பழைய கபடி விதிகளே சொல்லியிருக்கின்றன. ரெய்டரை உடம்பையோ கை கால்களையோ மட்டும்தான் பிடிக்கலாம், கழுத்தை நெரிப்பது, காலால் கத்தரி போடுவது, காயம் ஏற்படுத்தும் மூர்க்கமான பிடி எல்லாம் தவறு என்றும் விதி இருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளில் மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கை வைத்து முந்தின நாள் தரையைக் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, இரண்டு வண்டி மணல் கொட்டலாமே?

விழக் கற்பது

கோவளத்தில் இருப்பதால் ஒரு விஷயம் தினமும் கண்ணில் படுகிறது. எங்கள் கடற்கரையில் 2013ல் முதல் சர்ஃபிங் திருவிழா நடந்தது. அதற்கு முன்னாலிருந்தே எங்கள் மீனவர் குப்பத்து அண்ணன்கள் அலைச்சறுக்கில் கில்லாடிகள். இப்போது வெளியூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு மெத்தென்ற பலகையைத்தான் கொடுப்பார்கள். விழுந்தால் தலைகுப்புறப் பாயாதே, தண்ணீருக்கு மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள் என்பதெல்லாம் ஆரம்பப் பாடம். ஜூடோவிலும் விழுவதுதான் முதல் பாடம். அப்புறம்தான் வீழ்த்துவது.

அதே கடற்கரையில் நூறு அடி தள்ளிக் கபடி பழகுகிற எங்களுக்கு யாரும் விழக் கற்றுக்கொடுத்ததில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, கையை விரித்துத் தரையில் அடித்து வேகத்தைக் குறைப்பது எப்படி என்று நான் இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். பிடிக்கிறவனுக்கும் பாடம் வேண்டும். தன் தலையை எதிராளியின் முட்டிக்கு நேராகக் கொண்டுபோய்க் கணுக்காலைப் பிடித்தால் அடிபடப் போவது அவன் தலைதான்.

பயிற்சிக்குப் பலன் இருக்கிறதா? இங்கிலாந்தில் பள்ளி ரக்பி அணிகளுக்குக் கழுத்துப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி எல்லாம் சேர்ந்த 20 நிமிட வார்ம்அப் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017ல் முடிவு வெளியானது. வாரம் மூன்று முறை செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இதற்குக் கருவி, மெஷின் எதுவும் தேவையில்லை.

"அதெல்லாம் நடக்காதுப்பா"

இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்கள் மூன்று.

ஒன்று: "பொய் சொல்லி ஆளை மாத்துவாங்க." 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டு, அவருக்குப் பதில் வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்தபோது ஆஸ்திரேலியர்கள் இதே புகாரைத்தான் சொன்னார்கள். ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம். வெளியே போனவன் அந்தப் போட்டித் தொடர் முழுக்கத் திரும்பி வர முடியாது என்று வைத்துவிட்டால், நல்ல ரெய்டரை எந்த அணி பொய்க்காக இழக்கும்? அப்படியே ஓர் அணி ஏமாற்றினாலும் போவது ஒரு கோப்பை. மற்ற பக்கம் போவது என்ன என்று பார்த்தோம்.

இரண்டு: "காசு யாரு போடுவா?" ஆட்டக்காரனை உட்காரவைக்கக் காசு வேண்டாம். 108க்குப் போன் பண்ணவும் காசு வேண்டாம். ஆனால் கோவளத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஈசிஆரும் ஓஎம்ஆரும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் கூடப் போவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று: "இது வீர விளையாட்டு. பயந்தவனுக்கு இங்க என்ன வேலை?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி கபடியில் தங்கம் வாங்கியது. அதில் ஆடிய கார்த்திகா நம் பக்கத்துக் கண்ணகி நகர்ப் பெண். அதைப் பார்த்துவிட்டுத் தன் பெண்ணையும் கபடிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற எத்தனை அம்மாக்கள் இருப்பார்கள்? அவர்களிடம் போய் "வீரம்" என்று வசனம் பேச முடியுமா? "உங்கள் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா?" என்று சொல்லத் தெரிந்த ஆட்டத்துக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். கபடி வளர வேண்டும் என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கே செய்யக்கூடியவை

1. போட்டி நடத்துகிறவர்கள் எந்த அணியையும் சேராத ஒருவரை, முடிந்தால் ஒரு உடற்பயிற்சி ஆசிரியரையோ நர்ஸையோ, தலை அடியைக் கவனிக்க மட்டும் உட்காரவைக்க வேண்டும். நீல அட்டை அவர் கையில். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

2. அவர் கேட்க வேண்டிய கேள்விகள்: இது எந்த ஊர்? இப்போது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் பாடிப் போனது யார்? போன ஆட்டம் யாரோடு ஆடினோம்? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே. எல்லாம் சரியாகச் சொல்லியும் தலை வலிக்கிறது, சுற்றுகிறது என்றால் அப்போதும் வெளியே.

3. மயங்கிக் கிடப்பவனைத் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தெலும்பிலும் அடி இருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, கைகால் மரத்துப்போவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

4. வெளியே போனவனைத் தனியே விடக்கூடாது. பைக் ஓட்டவிடக்கூடாது. தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆடவிடவே கூடாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவாக. பிறகு நடை, லேசான ஓட்டம், தனிப் பயிற்சி என்று படிப்படியாக, படிக்கு ஒரு நாளாவது விட்டு. பிடித்து ஆடுவது டாக்டர் சரி என்ற பிறகுதான். மாணவனாக இருந்தால் முதலில் வகுப்புக்குத் திரும்பட்டும், மைதானம் அப்புறம்.

5. அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இல்லாமல் வந்த அணிக்கு, போட்டி நடத்துகிறவர்களே ஊர்ப் பையன் ஒருவனை இறக்க அனுமதி கொடுக்கலாம். விதிப்படி ஓர் அணிக்கு 12 பேர் என்றாலும், எங்களைப் போல எட்டுப் பேரோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆள் இல்லை என்பதாலேயே அடிபட்டவனை இறக்குகிற நிலை வரக்கூடாது.

எங்கள் கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமும் பாதுகாப்பும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாம். வருகிற பொங்கலுக்கு எங்கள் பையன்கள் நடத்தப்போகும் போட்டியில் ஒரு நீல அட்டையும் இருக்கும். அட்டை வாங்கியாகிவிட்டது, ஸ்டேஷனரி கடையில் ஐந்து ரூபாய். அட்டையைக் காட்டப்போகிறவர் யார் என்பதும் முடிவாகிவிட்டது. நான் இல்லை. நான் கேப்டன், எனக்கு அந்த உரிமை இருக்கக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

நண்பன் இந்த வருடம் ஆடவில்லை. ஸ்கோர் எழுதப் போகிறான். அரியரில் இரண்டு முடித்துவிட்டான், இன்னும் ஒன்று பாக்கி.